நைனாவின் காலும் உங்கள் கணக்கு நோட்டும்

கேள்வி:

வணக்கம் மேடம். பெயர் வேண்டாம், குடியாத்தம் பக்கம் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வயது 36. ஒரு சீட்டுக் கம்பெனியில் ஏழு வருஷம் வசூல் ஏஜெண்டாக இருந்தேன். பீடி சுற்றும் பெண்களிடம் வாரா வாரம் தீபாவளிச் சீட்டுப் பணம் வாங்குவது என் வேலை. ஆன்லைன் ரம்மியில் விட்டதைப் பிடிக்கப் போய் அந்தப் பணத்தில் கை வைத்தேன். 41 பேர், மொத்தம் 3,86,000 ரூபாய். கேஸ் ஆகி 3 வருஷத் தண்டனை. தொரப்பாடி ஜெயிலில் கழித்தேன். அந்தப் பெண்களுக்குக் கம்பெனி பாதிப் பணம்தான் கொடுத்ததாம்.

உள்ளே முதல் ஆறு மாதம் யாரோடும் பேச்சில்லை. 'பொம்பளைங்க சீட்டுப் பணத்தைத் துன்னவன்' என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அங்கே இன்னொருவரையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும். தொழுநோய் வந்து குணமானவர். ஆனால் இரண்டு கையிலும் விரல்கள் மடங்கியிருக்கும், காலில் ஆறாத புண். அவர் தட்டோடு வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஒருநாள் வேறு இடம் இல்லாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எனக்கு அவர் நைனா, அவருக்கு நான் 'கணக்கு'. சட்டைக்குப் பட்டன் போட்டுவிடுவேன், நகம் வெட்டிவிடுவேன், புண்ணுக்குக் கட்டு மாற்றுவேன். நானும் ஒரு மனுஷன்தான் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். பகலில் ஷூ செய்யும் பிரிவில் வேலை, தையல் நன்றாகவே வரும்.

வெளியே வந்து 5 மாதம் ஆகிறது. நைனா எனக்கு முன்பே விடுதலையாகி, தொழுநோய் குணமானவர்கள் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பேன். அங்கே இருக்கும்போதுதான் மூச்சு விட முடிகிறது. வீட்டில் சாயங்காலம் ஆறு மணியானால் யாரும் சொல்லாமலே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறேன். மனைவி ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறாள். நைனாவைப் பார்த்துவிட்டு வந்தால் குளிக்காமல் பிள்ளைகளைத் தொடக்கூடாது என்கிறாள். மச்சான் தன் ஃபேன்சி ஸ்டோர் கல்லாவில் உட்காரச் சொல்கிறார், மனம் வரவில்லை. ரம்மியை விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் விட்டு அந்தக் குடியிருப்புக்கே போய் அவர்களுக்குச் சேவை செய்து மிச்ச காலத்தைக் கழித்தால்தான் பாவம் தீரும் என்று மனசு சொல்கிறது. சரிதானா?

பதில்:

தம்பி,

எளிதான கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மனைவியின் பயத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1873-லேயே நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். பரம்பரை, சாபம், முன்ஜென்ம வினை எதற்கும் இதில் வேலை இல்லை. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நீண்ட காலம் நெருங்கிப் பழகினால்தான் தொற்றவே வாய்ப்பு. அப்படித் தொற்றினாலும் 100 பேரில் 95 பேருக்கு மேல் உடம்பே அதைச் சமாளித்துவிடும். மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை அட்டை அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட்டால் முடிந்தது. சாப்பிட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும். உங்கள் நைனா அந்த அட்டைகளையெல்லாம் எப்போதோ முடித்தவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்ததும் குளியுங்கள், தப்பில்லை. குடியாத்தம் பஸ்ஸில் வந்த தூசிக்காகக் குளியுங்கள்.

அப்படியானால் அந்த விரல்கள்? அந்தப் புண்? மனைவி கண்ணால் பார்ப்பது அதைத்தானே. இதை அவருக்கு நீங்களே விளக்க வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் தசை வலுவிழந்து விரல் மடங்குகிறது, தோலில் உணர்ச்சி போய்விடுகிறது. அதற்குப் பிறகு வரும் சேதமெல்லாம் வலி தெரியாததால் வருவது. சூடான டம்ளரைப் பிடிப்பார்கள், கை வெந்தது தெரியாது. செருப்புக்குள் கல் இருக்கும், சாயங்காலம் வரை அதன் மேலேயே நடப்பார்கள்.

இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. பால் பிராண்ட் என்ற சர்ஜன் 1946-ல் இங்கே சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்தவர், வெள்ளைக்காரர் என்றாலும் பாதி நம்மூர்க்காரர். மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த விரல்கள் கொஞ்ச நாளில் ராத்திரியோடு ராத்திரியாகக் குறைந்துபோயின. நோய் தின்றுவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விடிய விடியக் காவல் இருந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது, எலி. எலி கடிப்பது தெரியாமல் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு பூனை வளர்க்கச் சொன்னார்கள். விரல் 'அழுகி விழுகிறது' என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த ஒரு விஷயம் பூனையால் நின்றது! இந்தக் கதையை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நான் எத்தனையோ வீட்டில் சொல்லியிருக்கிறேன், புள்ளிவிவரத்துக்கு அசையாதவர்கள் பூனைக்கு அசைந்திருக்கிறார்கள்.

நைனாவின் காலில் இருக்கும் புண்ணும் இதே வகைதான். அது தொழுநோய்க் கிருமியால் வந்த புண் அல்ல, அழுத்தத்தால் வந்தது. அதைத் தொட்டுக் கட்டிய உங்கள் கைக்குத் தொழுநோய் வராது.

சரி, இதெல்லாம் சொன்ன பிறகும் உங்கள் மனைவி குளிக்கத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் பயப்படுவது நோய்க்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வருஷம் அவர் எப்படி ஓட்டினார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஷூ கம்பெனிக்குப் போகிறாள் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். விடியற்காலையில் கம்பெனி வேன் பிடித்து, நாள் முழுக்க நின்று, திரும்பி வந்து சமைத்து, பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டி, 'மனு' போட்டு உங்களைப் பார்க்க லீவு எடுத்து தொரப்பாடி வந்து வரிசையில் நின்றவர். அந்த வரிசையை நான் பார்த்திருக்கிறேன். பிஸ்கெட் பாக்கெட்டும் வாழைப்பழமுமாக, முந்தானையை முகத்தருகே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நிற்பார்கள். எந்த ஜட்ஜும் அவர்களுக்குத் தண்டனை எழுதவில்லை.

இப்போது வீட்டுக்கு வந்த புருஷன், ஐந்தாவது மாதத்தில், சேவை செய்யப் போகிறேன் என்கிறார். முதலில் ரம்மி கூட்டிக்கொண்டு போனது, அப்புறம் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது, இப்போது புண்ணியம் கூட்டிக்கொண்டு போகிறது. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான் தம்பி. 'குளிச்சிட்டு வா' என்பதில் 'போகாதே' என்பதும் இருக்கலாம். அவரிடமே கேட்டுப் பாருங்கள். நான் இங்கிருந்து ஊகிக்கிறேன், அவ்வளவுதான்.

இனி உங்கள் விஷயம்.

நைனாவோடு உங்களுக்கு நடந்தது பொய்யில்லை. அதை முதலில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கொஞ்சம் கடுமையாகப் பேசப் போகிறேன். நான் ஒரு ஆஸ்பத்திரியின் தொழுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராகப் பல வருஷம் இருந்தவள். சிறையில் ஆலோசகராகவும் போயிருக்கிறேன். இரண்டு இடத்துக்கும் உள்ள ஒற்றுமை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த ஒற்றுமைக்குச் சட்டமே இருந்தது. 1898-ல் வெள்ளைக்காரன் போட்ட தொழுநோயாளர் சட்டப்படி, ஆதரவில்லாத நோயாளியை எந்தப் போலீஸ்காரரும் வாரண்ட் இல்லாமல் பிடித்து அடைக்கலாம். அந்தச் சட்டத்தை நாம் முழுசாக ஒழித்தது 2016-ல்தான். ஒரு குற்றமும் செய்யாதவர்களுக்கு அந்த நிலைமை. 2019 வரை தொழுநோய் என்பது விவாகரத்துக்குக் காரணமாகவும் சட்டத்தில் இருந்தது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றோரம் கார்வில் என்று ஓர் ஊர். 1894-ல் தொடங்கிய தொழுநோய் ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. நான் சொன்ன பால் பிராண்ட் 1966-ல் இங்கிருந்து அங்கேதான் போனார். ஒரு காலத்தில் அங்கிருந்த நோயாளிகளுக்கு ஓட்டுரிமை கிடையாது. அவர்கள் எழுதும் கடிதத்தைக் கிருமி நீக்கித்தான் வெளியே விடுவார்கள். குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாதென்று வாசலிலேயே சொந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்துக்கொண்டவர்கள் பலர். பிறகு நோயாளிகள் குறைந்து கட்டடங்கள் காலியானதும், 1990-களின் தொடக்கத்தில் சில வருஷம் அரசாங்கம் அதில் ஒரு பகுதியைச் சிறைச்சாலை ஆக்கியது. ஒரே வளாகத்தில் கைதிகளும், அரை நூற்றாண்டாக அங்கேயே கிடந்த வயசான நோயாளிகளும். பணமோசடி மாதிரி வழக்கில் வந்தவர்களும் அந்தக் கைதிகளில் உண்டு. தட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் நைனா பக்கத்தில் உட்கார்ந்தீர்களே, அது அங்கேயும் நடந்தது. கௌரவம் போயிற்றே என்று புழுங்கிக்கொண்டு வந்தவன், கௌரவம் என்ற ஒன்றே இல்லாமல் ஐம்பது வருஷம் சிரித்துப் பேசி வாழ்ந்தவரைப் பார்க்கிறான். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று கழன்று விழும். உங்களுக்கும் விழுந்திருக்கிறது. அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

ஆனால் தம்பி, நைனாவின் பணத்தை நீங்கள் எடுக்கவில்லை.

அவர் உங்களை 'கணக்கு' என்று கூப்பிட முடிந்தது, பட்டன் போட்டுவிடச் சொல்லிச் சட்டையை நீட்ட முடிந்தது. காரணம், உங்களால் அவருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அங்கே மூச்சு விட முடிகிறது என்கிறீர்கள். முடியும். அங்கே உங்களைப் பார்த்து மண்ணை வாரித் தூற்ற யாருமில்லை. குடியாத்தத்தில் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் 41 பேர் முன்னால் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது. முட்டத்தான் வேண்டும். கட்டு மாற்றும்போது நைனாவின் காலை எங்கே அழுத்தினாலும் அவர் முகம் மாறாது, கவனித்திருப்பீர்கள். எங்கள் பிரிவில் புதிதாக வருபவர்களின் காலை நைலான் இழையால் தொட்டுப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு, தொட்ட இடத்தை அவர்கள் விரலால் காட்ட வேண்டும். 'இங்கே' என்று சரியாகக் காட்டிவிட்டால் எங்களுக்கு அப்பாடா என்றிருக்கும். அந்தப் பெண்கள் பெயரைச் சொன்னால் உங்களுக்கு இன்னும் சுருக்கென்கிறது. எனக்கு அப்பாடா என்றிருக்கிறது. உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை.

இன்னொன்று. நைனா எதற்காக உள்ளே இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா? கேட்கக் கூடாது என்பது உள்ளே ஒரு மரியாதை, எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அவர் சாமியார் மாதிரி இருக்கிறார். நோய் வந்ததால் ஒருவர் மகான் ஆகிவிடமாட்டார். எங்கள் வார்டில் மகா கோபக்காரர்கள் இருந்தார்கள், வட்டிக்கு விடுபவர் ஒருவர் இருந்தார், அடுத்த கட்டில்காரரின் முட்டையைத் திருடிச் சாப்பிட்டுவிட்டுச் சத்தியம் பண்ணியவரும் இருந்தார். நைனாவுக்கும் எங்கோ ஒரு வீட்டு வாசலில் பாக்கி இருக்கும். அவரைச் சாமியாக்கினால் நீங்கள் பக்தர் ஆகலாம், சிநேகிதர் ஆக முடியாது. அவருக்குத் தேவை சிநேகிதர் என்று நினைக்கிறேன். ஊர் அவரைக் 'குஷ்டக்காரன்' என்று ஒரே சொல்லில் முடித்தது. நீங்கள் 'என் பாவம் தீர்க்க வந்தவர்' என்று இன்னொரு சொல்லில் முடிக்க வேண்டாமே.

அந்தக் குடியிருப்பில் இருப்பவர்களிடமும் கேளுங்கள், உங்கள் சேவை வேண்டுமா என்று. சேவை செய்ய வந்து, ஆறு மாதம் இருந்து, மனம் தெளிந்ததும் கிளம்பிப் போனவர்களை அவர்கள் நிறையப் பார்த்தவர்கள். ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: 'வந்து அய்துட்டு போறாங்கம்மா, நாங்கதான் தேத்தி அனுப்பணும்.'

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கோர்ட்டு சொன்னதை முடித்துவிட்டீர்கள். அபராதம் கட்டியிருந்தால் அது அரசாங்கத்துக்குப் போயிருக்கும். நஷ்டஈடு என்று ஜட்ஜ் தனியாக எழுதியிருந்தால்தான் அந்தப் பெண்களுக்குப் போகும். தீர்ப்பு நகலை எடுத்துப் பாருங்கள். புரியவில்லை என்றால் சத்துவாச்சாரி கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காட்டுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். பணம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், இதனால் புதுச் சிக்கல் எதுவும் வராமல் எப்படி எழுதி வாங்குவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது முக்கியம்.

உங்களைக் 'கணக்கு' என்று கூப்பிட்டார் அல்லவா, கணக்கே போடுவோம். 3,86,000-ல் பாதி கம்பெனி கொடுத்தது. மிச்சம் 1,93,000. ஆளுக்குச் சராசரி 4,700 ரூபாய். மாதம் 4,000 எடுத்து வைத்தால் 4 வருஷமும் ஒரு மாதமும் ஆகும். தண்டனையைவிட நீளம்தான். ஆனால் இந்த 4 வருஷம் பிள்ளைகளோடு வீட்டில் இருந்துகொண்டே கழிக்கலாம். ஒரு நோட்டுப் போடுங்கள், 41 பெயரும் எழுதுங்கள். யார் பெயரும் மறந்திருக்காது என்று நினைக்கிறேன். யாருக்கு மிகவும் கஷ்டமோ, யார் பெண் கல்யாணத்துக்குச் சேர்த்தாரோ, அவரிலிருந்து தொடங்குங்கள்.

நேராகப் போய்க் காலில் விழாதீர்கள். தயவுசெய்து. தெருவில் வைத்துக் காலில் விழுந்தால், மன்னிக்க வேண்டிய கட்டாயம் அவர் தலையில் ஏறிவிடும். நாலு பேர் பார்க்க 'எழுந்திரு தம்பி' என்று சொல்லித்தான் தீர வேண்டும். அது நீங்கள் அவரிடம் இரண்டாவது முறை எடுப்பது. முதலில் அவர்களில் எல்லாரும் மதிக்கும் ஒரு பெண்ணிடம், உங்கள் அம்மா மூலமோ வேறு பெரியவர் மூலமோ, சொல்லி அனுப்புங்கள். பணம் தரப் போகிறேன், பார்க்க விருப்பம் இருப்பவர்களை நேரில் பார்க்கிறேன், முகத்தில் முழிக்க வேண்டாம் என்பவர்களுக்குக் கொடுத்து அனுப்புகிறேன் என்று. திட்டுபவர்கள் திட்டுவார்கள். நின்று கேளுங்கள். 'நானும் கஷ்டப்பட்டேன்' என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். சிலர் பணத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். சிலருக்கு மன்னிக்க மனம் வரவே வராது. அந்தப் பெயருக்கு நேரேயும் தொகையை எழுதி டிக் போடுங்கள்.

இதை மனைவியிடம் கலந்து பேசாமல் தொடங்கவே கூடாது. அந்த 4,000 அவர் நின்று சம்பாதிக்கும் பணத்திலிருந்தும் வரப்போகிறது.

ரம்மி பற்றி ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். 'விட்டுவிட்டேன்.' எப்போது விட்டீர்கள்? போனே இல்லாத இடத்தில் மூன்று வருஷம் விளையாடாமல் இருந்ததை விட்டதாகக் கணக்கில் சேர்க்க முடியாது. இப்போது கையில் போன் இருக்கிறது, கடன் இருக்கிறது, மனம் சோர்ந்திருக்கிறது, சும்மா இருக்கும் நேரமும் நிறைய. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு, 41 பேருக்கும் ஒரே மாதத்தில் கொடுத்துவிடலாமே என்ற வேஷத்தில்கூட வரும். நல்ல எண்ணம் மாதிரியே வரும். அதனால் மனநல டாக்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பார்க்கலாம், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. ராத்திரி கை துறுதுறுத்தால் 14416-க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம், காசில்லை. போனில் பணம் அனுப்பும் ஆப் எதுவும் வேண்டாம், சம்பளம் மனைவி கணக்கில் ஏறட்டும். மச்சானின் கல்லா வேண்டவே வேண்டாம். உங்கள் மனம் வரவில்லை என்பது சரியான மனம்தான். மச்சான் நல்ல எண்ணத்தில் கூப்பிடுகிறார், ஆனால் காலில் புண் இருக்கும்போது யாரும் ஓட்டப்பந்தயத்துக்கு அழைக்கக் கூடாது. காரணத்தை அவரிடமே சொல்லிவிடுங்கள், மதிப்பார்.

ஆறு மணிக்கு உள்ளே போய் உட்காருவது பழக்கம். லாக்கப் நேரம் உடம்பில் ஏறியிருக்கிறது. ஒருமுறை தொரப்பாடி வாசலில், அன்று காலை விடுதலையான ஒருவர் மஞ்சள் பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்பதைப் பார்த்தேன். காட்பாடி போகும் டவுன் பஸ் மூன்று வந்து போயிற்று, அவர் ஏறவில்லை. கேட்டால், 'யாரும் ஏறச் சொல்லலீங்களே' என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவர் அடுத்த பஸ்ஸில் ஏறினார். உங்களுக்கும் போகும். ஆறு மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். முதல் வாரம் வியர்க்கும்.

வேலை என்று வந்தால், உங்கள் கையில் தொழில் இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு என்று நம்மைச் சுற்றித் தோலும் செருப்பும்தான். தைக்கத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்கும். பணம் புழங்காத வேலையாக இருக்கட்டும். 'முன்பு எங்கே வேலை செய்தாய்' என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களாகப் போய் மைக் வைத்துச் சொல்லவும் வேண்டாம். கார்வில்லில் பெயரை விட்டுப் போனவர்களில் சிலர் கடைசிவரை அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. நீங்கள் எனக்கே பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பத்தியில் வேண்டாம், சரி. வேலை செய்யும் இடத்தில் சொந்தப் பெயரையே சொல்லுங்கள்.

நைனாவை விடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஒரு ஞாயிறு மனைவி வர விரும்பினால் கூட்டிப்போங்கள், வற்புறுத்த வேண்டாம். கட்டு மாற்றும் உங்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். ஆறாத புண்ணுக்குப் பெரிய மருந்து, அந்தக் காலை ஊன்றாமல் இருப்பது. அதற்காகவே மாவுக்கட்டுப் போட்டு விடுவதும் உண்டு, எனவே ஒருமுறை கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். எலும்பு வரை போயிருக்கிறதா என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். புண் இல்லாத காலைத் தினமும் அரை மணி நேரம் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்த தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து, ஈரம் போவதற்குள் எண்ணெய் தடவ வேண்டும். அடிப்பாதத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் வைத்துத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவரிடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் தொழுநோய் குணமானவர்களும் வருகிறார்கள். பராமரிப்பு உதவித்தொகைக்கு அது வேண்டும்.

அப்புறம் செருப்பு. அவர் இப்போது எதைப் போட்டு நடக்கிறார் என்று பாருங்கள். ஹவாய் செருப்பாக இருந்தால் புண் ஆறினாலும் திரும்ப வரும். உணர்ச்சியில்லாத காலுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று ஒன்று உண்டு. உள்ளே கால் படும் இடத்தில் மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர், அடியில் முள் ஏறாத கெட்டி ரப்பர், காலிலிருந்து கழலாமல் இருக்கப் பின்பக்கமும் வார். முக்கியமாக, அதில் எங்கேயும் ஆணி கிடையாது, எல்லாம் தையலும் பசையும்தான். ஆணி மேலே வந்து குத்தினால் போட்டிருப்பவருக்குத் தெரியாதே. நீங்கள் உள்ளே செய்த ஷூவிலிருந்து இது வேறு. கரிகிரியில் செருப்புப் பிரிவு இருக்கிறது. நைனாவைக் காட்டப் போகும் அன்று அங்கேயும் எட்டிப் பார்த்து, எப்படிச் செய்கிறார்கள், கற்றுக்கொள்ள வழியுண்டா என்று கேளுங்கள்.

இந்த ஞாயிறு போகும்போது ஒரு பழுப்புக் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு காலையும் தனித்தனியாகக் காகிதத்தில் வைத்துச் சுற்றி வரையுங்கள். புண் இருக்கும் இடத்தைப் பெருக்கல் குறி போட்டுக் காட்டுங்கள். விரல் குறைந்திருக்கும் இடத்தையும் அப்படியே வரையுங்கள், பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சேர்த்து வரையாதீர்கள். வலது, இடது எழுத மறக்க வேண்டாம்.